மயில்வாகனத்தாரின் பின்மண்டை

"பின்னாலையும் ஒருக்காப் பாருங்கோ ஐயா," என்றான் பாலன்.

மயில்வாகனத்தார் கதிரையில் சாய்ந்தபடி முன்கண்ணாடியைப் பார்த்தார். பின்சுவரில் புதிதாக மாட்டியிருந்த பெரிய நிலைக்கண்ணாடி அவருடைய பின்மண்டையை வாங்கி முன்கண்ணாடிக்கு அனுப்பியது. முன்கண்ணாடி அதை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் அவர் கண்ணுக்குக் கொடுத்தது.

பின்மண்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை! தோல் நிறத்தில், ஓரமெல்லாம் நெளிந்து, எலி அரித்த தோசை மாதிரி ஒரு வழுக்கை.

"கிளிநொச்சிச் சந்தியிலை முன்னும் பின்னும் கண்ணாடி வைச்ச சலூன் என்ரை ஒண்டுதான். எப்பிடி ஐயா, வடிவாத் தெரியுதோ?"

"ம்... தெரியுது," என்றார் மயில்வாகனத்தார்.

உருத்திரபுரம் குடியேற்றத்தில் அவர் வயல் செய்கிற கமக்காரர்களின் சங்கத் தலைவர். பிள்ளையார் கோயில் திருவிழாவிலும் அவர் சொல்வதுதான் சட்டம். இதற்கெல்லாம் காரணம் தன் அறிவு என்று வெளியில் சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள், தன் சுருட்டைத் தலைமயிர்தான் காரணம் என்று நம்பினார். கூட்டத்தில் பேசும்போது வலது கையால் அதை ஒரு தரம் கோதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கோதல் முடிந்த பிறகு வாயிலிருந்து பெரிதாக எதுவும் வந்ததில்லை என்பது வேறு விசயம்.

பாலனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அந்தக் கதிரையிலேயே முடிந்திருக்கும். ஆனால் மயில்வாகனத்தார் ஒரு முடிவெட்டுகிறவனிடம் போய் தன் தலையைப் பற்றிக் கேட்கிற ஆளா? கழுத்தை நீட்டிக் கத்தியோடு அவனிடம் ஒப்படைக்கலாம். கேள்வியை ஒப்படைத்தால் மரியாதை போய்விடும்.

சைக்கிளில் வரும் வழியில், வாய்க்கால் கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலுக்கு மயிர்தான் பட்டது. அடர்த்தியாகவே பட்டது. சாதாரண ஆளாக இருந்தால் நிம்மதியாக வீடு போயிருப்பான். மயில்வாகனத்தார் படித்தவர். யாழ்ப்பாணத்தில் சீனியர் வகுப்பில் பலதரம் இருந்து எழும்பியதில் அவரிடம் மிஞ்சியிருந்த விஞ்ஞானம் ஒன்றுதான்: ஒளி கண்ணாடியில் எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் தெறிக்கும், படுகோணமும் தெறிகோணமும் சமன். கண்ணாடி ஒன்றைக் கூட்டாது, குறைக்காது. விரலுக்கு அப்படி ஒரு விதியும் புத்தகத்தில் இல்லை. ஆகவே விரல்தான் பொய் சொல்கிறது. பக்கத்து மயிர் சரிந்து வழுக்கையை மூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் குசினி வாசலில் மனைவி அன்னபாக்கியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இஞ்சை பாரப்பா. என்ரை பின்மண்டையிலை என்ன இருக்கு?"

அன்னபாக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டுமே இல்லையப்பா. என்ன, எறும்பு கிறும்பு ஊருதோ?"

மயில்வாகனத்தார் சட்டென்று திரும்பினார். ஒன்றுமே இல்லையாம், மயிர்கூட. கட்டின மனைவி, முகத்தில் ஒரு சலனமில்லாமல் சொல்கிறாள். அப்படியானால் அவளுக்கு இது பழைய செய்தி. ஊருக்கும் பழைய செய்தியாகத்தான் இருக்கும்.

நேரில் பார்த்து உறுதி செய்ய நினைத்தார். வீட்டில் இருந்தது ஒரேயொரு முகம் பார்க்கிற கண்ணாடி. இரண்டாவது கண்ணாடிக்குப் பதிலாக, சாமியறைப் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு மினுக்கி எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் நின்றார். கண்ணாடியை முன்னால் பிடித்து, தாம்பாளத்தைப் பின்னால் தூக்கினார். முதலில் ஓலைக்கூரை தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வளவு மாடு. கையைத் திருகித் திருகி ஒருமாதிரித் தலையைப் பிடித்தபோது, வெயில் தாம்பாளத்தில் பட்டுத் தெறித்து, தலைக்கு மேல் பொன்நிறமாக ஒரு வட்டம் பளீரென்று எரிந்தது.

"மினுங்குது!" என்று முனகினார். வழுக்கை மினுங்கத்தானே செய்யும்.

சும்மா ஒரு வழுக்கை என்றால் அவர் பொறுத்திருப்பாரோ என்னவோ. ஆனால் அது சும்மா வழுக்கையின் உருவத்தில் இல்லை. புழுவெட்டு என்று சனம் சொல்லும். அதைவிட மோசமான நோயின் பெயரையும் சொல்லும். அதுவும் இந்த நேரத்தில்! ஒரே மகள் சிவனேஸ்வரிக்கு வவுனியாவில் சம்பந்தம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாப்பிள்ளையின் தகப்பன் ஐயாத்துரை மாஸ்டர், பெண் வீட்டில் மாட்டுக்கும் நோய் நொடி உண்டா என்று விசாரிக்கிற மனிதர். நாள் வைக்க வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து மயில்வாகனத்தார் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை என்று விரதம் பிடித்தார். சங்கக் கூட்டத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். கூட்டம் முடிந்ததும், அரசர் முன்னிலிருந்து விடைபெறுகிற மந்திரி மாதிரிப் பின்பக்கமாகவே நடந்து வாசலால் இறங்கினார். தலைவருக்கு இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது என்று உறுப்பினர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பணிவு வாசல்படியோடு நிற்கவில்லை. பின்னாலேயே போய், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் தொப்பென்று விழுந்தது.

தூக்கிவிட்டவர்கள் அவர் தலையைத்தான் முதலில் துடைக்க வந்தார்கள். "தலையிலை கை வைக்காதேங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் விலகி நின்றார்கள். தலையில் ஏதோ இருக்கிறது என்ற கதை அன்றுதான் பிறந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. தலைப்பாகையோடும் போக முடியாது. மயில்வாகனத்தார் விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, ஆளில்லாத நேரம் பார்த்துப் பின்மண்டையில் தடிப்பாக அப்பினார். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சந்நிதியில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

கற்பூரம் எரிந்தது. சனம் நெருக்கியது. வேர்த்தது. கரி கழுத்தில் இறங்கி, முதுகு வழியே இரண்டு கறுத்த ஆறாக ஓடி, இடுப்பில் கட்டியிருந்த பால்போன்ற சால்வையில் போய்ச் சேர்ந்தது.

"மயில்வாகனத்தார், உதென்ன தலையாலை வடியுது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அது... பரியாரியார் தந்த எண்ணெய்."

"என்ன வருத்தத்துக்கு?"

"வருத்தம் ஒண்டுமில்லை. சும்மா, குளிர்ச்சிக்கு."

குளிர்ச்சிக்குக் கறுத்த எண்ணெய் கொடுக்கிற பரியாரி வன்னியில் இல்லை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 'தலையில் ஏதோ இருக்கிறது' என்ற கதை 'தலையில் புண்' ஆகிக் கோயில் வீதியைத் தாண்டியது. கிளிநொச்சிச் சந்தியில் பஸ் ஏறும்போது 'தொத்துகிற புண்' ஆகியிருந்தது. வவுனியாவில் இறங்கியபோது அது எந்த நிலையில் இருந்தது என்று மயில்வாகனத்தாருக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடியற்காலையில் அவருக்கு மூளை வேலை செய்தது. மொட்டை! தலையில் மயிரே இல்லாவிட்டால் வழுக்கை எங்கே என்று யார் தேடுவது? மகளின் கலியாணம் நல்லபடி நடக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் என்று சொன்னால், ஐயாத்துரை மாஸ்டர் கையெடுத்துக் கும்பிடுவார்.

சலூனுக்குப் போனதும், "கதிரை வேண்டாம். வெளி வாங்கிலை இருக்கிறன். கெதியா எடு," என்றார். அந்தக் கண்ணாடிகளின் முகத்தில் விழிக்க அவருக்கு விருப்பமில்லை.

பாலன் தலையை வழித்துவிட்டு ஒரு நிமிடம் தயங்கினான்.

"ஐயா, மீசையும் எடுக்கிறதோ?"

தெருவில் சங்க உறுப்பினர் ஒருவர் வருவது தெரிந்தது. "எல்லாத்தையும் எடன்ரா! கதை வேண்டாம்!" என்று சீறினார் மயில்வாகனத்தார்.

பாலன் மீசையையும் எடுத்தான். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கவலைப்படாதேங்கோ ஐயா. வயசு போன சீவன்," என்றான்.

பிள்ளையாரைத்தான் சொல்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டு மயில்வாகனத்தார் சைக்கிளை மிதித்தார்.

படலையைத் திறந்ததும் அன்னபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். மொட்டைத் தலை. பெற்றவர் செத்தால் மட்டும் எடுக்கிற மீசையுமில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து கனகாலம். கோப்பாயில் மிச்சமிருந்தது மாமனார் வீரகத்தியர் மட்டும்தான்.

"ஐயோ என்ரை மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தாள்.

"இஞ்சை, சத்தம் போடாதையும்! இது நேர்த்தி!"

"நேர்த்திக்கு ஆர் மீசை எடுக்கிறது? என்னட்டை மறைக்காதேங்கோ! என்னைப் பெத்த மாமா!"

அயலட்டைச் சனம் வந்துவிட்டது. பெண்கள் அன்னபாக்கியத்தைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். ஆண்கள் மயில்வாகனத்தாரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள்.

"ஐயா சாகேல்லை!" என்று கத்தினார் அவர். "கேளுங்கோ, ஐயா உயிரோடை இருக்கிறார்!"

"ஓம் ஓம்," என்று அவர் முதுகைத் தடவினார் சங்கத்துப் பொருளாளர். "இருக்கிறார், எங்கடை மனசிலை எப்பவும் இருக்கிறார். பாவம், மனுசன் தாங்கேலாமல் பிதற்றுது. ஒரு மிடறு தண்ணி குடுங்கோ."

மறுக்க மறுக்க அழுகை கூடியது. இவர் கத்தியதும் துக்கத்தின் கணக்கிலேயே சேர்ந்தது.

அடுத்த நாள் ஐயாத்துரை மாஸ்டர் வந்தார். படலையிலேயே நின்று பந்தலைப் பார்த்தார், வெள்ளைத் துணியைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார். மயில்வாகனத்தாரை வேலியோரமாகக் கூப்பிட்டார். தொடவில்லை. இரண்டு அடி தள்ளியே நின்றார்.

"மயில்வாகனத்தார், நான் ஒளிச்சுக் கதைக்கிற ஆளில்லை. உங்கடை தலையிலை ஏதோ தொத்து நோய் எண்டு பஸ்ஸிலை சனம் கதைக்குது. இஞ்சை வந்தால் தகப்பன் செத்து மோசம் போனதெண்டு சொல்லினம். நீங்களே சொல்லுங்கோ. மொட்டை எதுக்கு? வருத்தத்துக்கோ, தகப்பனுக்கோ?"

மயில்வாகனத்தார் வாழ்க்கையில் முதல்தரமாக உண்மையைச் சொல்லுகிற விளிம்புவரை வந்தார். 'எனக்கு வழுக்கை' என்று சொன்னால் முடிந்தது. ஒரு பக்கம் வழுக்கை, மறுபக்கம் பெற்ற தகப்பன். எதை வைத்திருப்பது, எதை விடுவது? மனிதர் அதிகநேரம் யோசிக்கவில்லை.

"ஐயாவுக்குத்தான்," என்றார். தகப்பனைக் கொன்றுவிட்டு லேஞ்சியால் மூக்கைத் துடைத்தார்.

ஐயாத்துரை மாஸ்டர் உடனே ஒரு அடி கிட்ட வந்தார்.

"எப்பிடி மோசம் போனவர்?"

"நெஞ்சுவலி."

"செத்தவீட்டுக்குப் போகாமல் இஞ்சை நிக்கிறீங்கள்?"

"தந்தி பிந்தி வந்தது. அதுக்குள்ளை எடுத்துப்போட்டினம்."

"ஒரே மகன் நீங்கள். அப்ப ஆர் கொள்ளி வைச்சது?"

"பெரியப்பாவின்ரை மோன்."

ஒவ்வொரு கேள்விக்கும் வீரகத்தியர் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் செத்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்று பெருமூச்சு விட்டார் ஐயாத்துரை மாஸ்டர். "அப்ப இந்த வருசம் நல்ல காரியம் வைக்கேலாது. ஆண்டுத் துவசம் முடியட்டும். ஆனால் ஒண்டு. பெடியனுக்கு வேறை இடங்களிலையும் கேக்கினம். நான் ஒரு பொறுப்பும் சொல்லமாட்டன். எட்டுக்கு வாறன்."

கதவுக்குப் பின்னால் நின்ற சிவனேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. கலியாணச் சீலையை அவள் முந்தியே எடுத்து, சட்டையும் தைத்து வைத்திருந்தாள். அன்று முழுவதும் அவள் குசினியை விட்டு வரவில்லை. தகப்பன் எட்டிப் பார்த்தபோது, சிவந்த கண்ணோடு, "அப்பப்பாவுக்கு வேறை நாள் கிடைக்கேல்லையே அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அது அவருக்குச் சுட்டது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சுட்டதற்காக வாயைத் திறக்கவில்லை. வழுக்கையின் இரகசியம் அவரோடேயே இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். வீரகத்தியருக்குத் திருக்கைக் கருவாடு என்றால் உயிர் என்று, அன்னபாக்கியம் முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற யாகப்புவிடம் சொல்லி வைத்திருந்தாள். யாகப்பு நல்ல திருக்கையாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, செத்தவீட்டு மரியாதைக்காகப் பந்தல் ஓரத்தில் குந்தியிருந்தான். ஐயாத்துரை மாஸ்டரும் சொன்னபடி வந்திருந்தார். மயில்வாகனத்தார் வெறுமேலோடு, துக்கமான முகத்தோடு, படையலுக்கு முன்னால் நின்றார். இரண்டு மூன்று நாளாகத் துக்கம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

படலையில் ஒரு மாட்டுவண்டில் நின்றது. அதிலிருந்து, கையில் தடியும் தோளில் புதுச் சால்வையுமாக, வீரகத்தியர் இறங்கினார்.

பெண்களில் ஒருத்தி கூச்சலிட்டுக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். சங்கத்துப் பொருளாளர் பந்தல் காலைக் கட்டிப்பிடித்தார்.

"ஆரும் பயப்பிடாதேங்கோ," என்றார் கிழவர். "நான் செத்ததைக் கோப்பாய்ச் சந்தையிலைதான் கேள்விப்பட்டனான். மரக்கறிக்காரி என்னட்டையே துக்கம் விசாரிச்சாள். டேய் மயிலு! எனக்கு நெஞ்சுவலியாம், உண்மையோடா?"

மயில்வாகனத்தார் படையலுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"பேந்து சொல்லு. முதல் எனக்கொரு இலை போடுங்கோ பிள்ளை. படையல் எனக்குத்தானே?" என்று இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, கருவாட்டுக் குழம்பில் விரலை வைத்து நக்கினார் வீரகத்தியர். "புளி காணாது. நான் உண்மையாச் சாகேக்கை கவனமாச் சமையுங்கோ."

அன்னபாக்கியம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாமனாருக்குச் சோறு போட்டாள். பிறகு திரும்பினாள். எட்டு நாள் ஒப்பாரி வைத்த தொண்டை அது.

"இப்ப சொல்லுங்கோ. இவ்வளவு சனத்துக்கு முன்னாலையும் சொல்லுங்கோ! ஏன் மொட்டை அடிச்சனீங்கள்?"

ஒதுங்க ஒரு சுவரும் இல்லை. எல்லாப் பக்கமும் சனம். சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு... பின்மண்டையிலை வழுக்கை," என்றார் மயில்வாகனத்தார்.

ஐயாத்துரை மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"வழுக்கையை மறைக்கத் தகப்பனைச் சாகடிச்சவனோ? இந்த வீட்டிலை நான் சம்பந்தம் வைக்கிறதோ?"

"இரும் மாஸ்டர்," என்றார் வீரகத்தியர் சோற்றைப் பிசைந்தபடி. "செத்தது நான். நானே பொறுக்கிறன், உமக்கென்ன நோகுது? இவன் விசரன் எண்டது எனக்குப் பிறந்த நாளிலையிருந்து தெரியும். பேத்தி தாயைப் போலை, புத்திசாலி. துடக்குமில்லை, துவசமுமில்லை. இஞ்சையே கலியாணத்துக்கு நாள் வையும். இலையும் போட்டுக் கிடக்கு."

மாஸ்டர் இலையைப் பார்த்தார். திருக்கை வாசம் மூக்கில் ஏறியது. மனிதர் மெல்ல உட்கார்ந்தார். வைகாசியில் என்று முடிவாயிற்று. சிவனேஸ்வரி சடாரென்று குசினிக்குள் மறைந்தாள். உள்ளே ஒரு சட்டி விழுந்து உடைந்தது.

அன்னபாக்கியம் விடுவதாக இல்லை. புருசனின் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எங்கை வழுக்கை? மாமா, இஞ்சை பாருங்கோ. நாத்துமேடை மாதிரி ஒரே சீரா முளைச்சுக் கிடக்கு!"

வீரகத்தியர் பார்த்தார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சங்கமே வரிசையில் வந்து பார்த்தது. உச்சியிலிருந்து பிடரிவரை ஒரு பொட்டு வெளி இல்லாமல் கறுகறுவென்று முளைத்திருந்தது.

மயில்வாகனத்தாருக்கு ரோசம் வந்துவிட்டது. தகப்பன் உயிர்த்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவர், தன் விஞ்ஞானம் சாவதைப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன தெரியும்? பாலன்ரை சலூனிலை, பின்சுவர்க் கண்ணாடியிலை, இந்த ரண்டு கண்ணாலையும் பாத்தனான்! படுகோணமும் தெறிகோணமும் சமன்! கண்ணாடி பொய் சொல்லாது!"

பந்தல் ஓரத்தில் குந்தியிருந்த யாகப்பு தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"ஐயா, அது எங்கடை வீட்டுக் கண்ணாடி, உப்புக்காத்திலை நடுவிலை ரசம் கழண்டு பலகை தெரியுதெண்டுதான் போன மாசம் பாலனுக்கு வித்தனான் — என்ரை மனிசி றோசம்மாவுக்கு இடுப்பளவு தலைமயிர், அந்தக் கண்ணாடிக்கு முதுகு காட்டினால் அவளும் வழுக்கைதான்."